பால்குடிப் பிள்ளையை உம்மாவிடம் விட்டு நுவரெலியாவில் இரண்டு நாள்

பூமியில் பிரயாணம் செய்து பார்க்குமாறு அல்லாஹுதஆலா தன் திருமறையில் பல இடங்களில் மனிதர்களை அழைக்கின்றான். அந்த அழைப்பு ஆண்களுக்கு மட்டும் உரியது என்று அங்கே சொல்லப்படவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிரயாணம் புறப்படும்போது தம் மனைவியரிடையே சீட்டுக் குலுக்கிப் பார்த்து, பெயர் வந்தவரை உடன் அழைத்துச் சென்றார்கள். ஒரு பிரயாணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். மற்றொரு பிரயாணத்தில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாட்டுப்பாடி விரைவாக ஓட்டியபோது, பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டும்படி சொன்னார்கள். பெண்களும் பிரயாணம் போனார்கள், மகிழ்ந்தார்கள், அவர்களுடைய உடல் நிலையும் கவனிக்கப்பட்டது என்பதற்கு இவை போதும்.

நமது வீடுகளில் பெண்களின் பிரயாணம் என்றால் கலியாண வீடு, மௌத்து வீடு, ஆஸ்பத்திரி ஆகிய மூன்றோடு முடிந்து விடுகிறது. அதிலும் கைப்பிள்ளை உள்ள ஒருத்தி பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுத் தோழிகளோடு இரண்டு நாள் மலைநாட்டுக்குப் போனாள் என்றால் ஊர் என்ன சொல்லும்? 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில், நோன்புக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முந்தி, எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பிரயாணம் நடந்தது. கூடச் சென்றவன் என்ற வகையில், கண்ட இடங்களையும் கேட்ட பேச்சுக்களையும் இங்கே எழுதுகிறேன்.

ஏன் இந்தப் பிரயாணம்?

எங்கள் ஊர் குருநாகல் பகுதியில் உள்ளது. என் தங்கைக்கு அது முதற்பிள்ளை. எட்டு மாத ஆண் குழந்தை. ஓபரேஷன் செய்து பிறந்தவன். மச்சான் கட்டாரில் தொழில் செய்கிறார். லீவில் வந்து இரண்டு மாதம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நாற்பது முடியும் வரை வீடு நிறைய ஆட்கள். நாற்பது கழிந்ததும் ஒவ்வொருவராகத் தத்தம் வேலையைப் பார்க்கப் போனார்கள். தங்கையும் பிள்ளையும் எங்கள் உம்மாவுமாக மூவரே மிஞ்சினார்கள்.

இரவில் நாலைந்து தடவை விழிப்பது. பகலில் துணி, சமையல், கிளினிக். வாய்விட்டுச் சிரிக்கும் பிள்ளையாக இருந்த தங்கை மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். காரணமின்றி அழுதாள். கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸி இதைக் கவனித்து டொக்டரிடம் அனுப்பினார். விசாரித்துப் பார்த்த டொக்டர், இது மருந்து கொடுக்க வேண்டிய நிலை அல்ல, இந்தப் பிள்ளைக்குத் தூக்கமும் மனிதத் துணையும் இல்லாமற் போயிருக்கிறது என்றார். இரண்டையும் கொடுக்கும் பொறுப்பை வீட்டாரிடம் விட்டார்.

தங்கையோடு சாதாரண தரம் வரை ஒன்றாகப் படித்த தோழிகள் இருவர் நம் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டிருக்கிறார்கள். என் மனைவிதான் அவர்களைக் கூப்பிட்டுப் பேசி, ஒரு சனி, ஞாயிறு எங்காவது போய் வருவோம் என்று முடிவெடுத்தாள். மச்சானுக்குப் போன் எடுத்தபோது, "போய்ட்டு வரட்டும் நானா, செலவை நான் அனுப்புறன்" என்றார்.

விஷயம் வெளியில் தெரிந்ததும் உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வந்து விட்டார்.

"பால்குடிப் புள்ளய விட்டுட்டு உலாத்தப் போறாளாமே! நாங்க எல்லாம் புள்ள பெறல்லயா? வளக்கல்லயா?"

பெரியம்மா கேட்டதில் ஓர் உண்மை இருக்கிறது. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் அவருடைய வீட்டில் உம்மும்மா இருந்தார், சாச்சி இருந்தார், குமர்ப்பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். வேலியில் ஒரு கடப்பு இருந்தது. அடுத்த வீட்டார் கேட்காமலே வந்து பிள்ளையைத் தூக்கிப் போவார்கள். ஐந்து மடிகளில் அந்தப் பிள்ளை வளர்ந்தது. இன்று வேலி மதிலாகிவிட்டது. மாப்பிள்ளை வளைகுடாவில். ஐந்து மடிகளின் வேலையை ஒரு மடி செய்கிறது. இதைப் பெரியம்மாவிடம் மரியாதையோடு எடுத்துச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் எழும்பிப் போகவில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

தங்கைக்கே மனதில் ஒரு பயம் இருந்தது. "நானா, இது பாவமில்லையா?" என்று கேட்டாள்.

பாலூட்டும் தாயைப் பற்றி ஸூறத்துல் பகறாவின் 233ஆம் வசனம் விரிவாகப் பேசுகிறது. இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டும் காலத்தை அது சொல்கிறது. அதே வசனம், பிள்ளையைக் காரணம் காட்டித் தாய்க்குத் துன்பம் நேரக்கூடாது என்றும், தகப்பனுக்கும் அவ்வாறே நேரக்கூடாது என்றும் சொல்கிறது. பால் மறக்கடிப்பதைத் தாயும் தகப்பனும் கலந்தாலோசித்து இருவரும் பொருந்திச் செய்யச் சொல்கிறது. வேறொரு பெண்ணைக் கொண்டு பாலூட்டுவதையும் அனுமதிக்கிறது. முதலாவது கருத்தை நாம் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். மற்றவற்றை மேடைகளில் அதிகம் சொல்வதில்லை.

நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பிள்ளைக்குச் சீம்பால் கொடுப்பது தாயின் மீது கடமை. அதன் பின்னர் பாலூட்ட வேறு வழி இருக்குமானால் தாயைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பிக்ஹு நூல்கள் எழுதுகின்றன. நம் தாய்மார் ஊட்டுவது அவர்களுடைய அன்பினால். அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. நம்பிக்கையான கைகளில் பிள்ளையை ஒப்படைத்து, பாலுக்கும் உணவுக்கும் வழி செய்து, கணவனின் சம்மதத்தோடும் மஹ்ரமான துணையோடும் இரண்டு நாள் போய் வருவதில் பாவமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

முன்னேற்பாடு

பிள்ளை எட்டு மாதம் ஆனபடியால் சோறு, பருப்பு, மரக்கறி மசித்துக் கொடுக்கப் பழக்கியிருந்தார்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட, தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளையாக இருந்திருந்தால் இந்தப் பிரயாணத்தைத் தள்ளிப் போட்டிருப்போம்.

மிட்வைப் மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தபடி, போவதற்கு மூன்று நாள் முந்தியே தங்கை பாலை எடுத்துச் சேர்க்கத் தொடங்கினாள். சுத்தமான, மூடியுள்ள சிறு பாத்திரங்களில் எடுத்து, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, பிரிட்ஜின் உட்பக்கமாக வைத்தாள். எடுத்த பால் சாதாரண அறையில் 4 மணி நேரமும், பிரிட்ஜில் 4 நாட்களும் பழுதாகாது. கொடுக்கும்போது அதை அடுப்பில் வைத்துக் காய்ச்சக்கூடாது. வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இளஞ்சூடாக்க வேண்டும். பிள்ளை குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. கோப்பையாலும் கரண்டியாலும் கொடுக்க உம்மா ஒரு வாரம் பழகிக் கொண்டார்.

தாய்க்கும் ஏற்பாடு தேவை. பிள்ளை அருகில் இல்லை என்பதற்காக மார்பில் பால் ஊறுவது நிற்காது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுக்காவிட்டால் பால் கட்டிக்கொள்ளும், காய்ச்சலும் வரலாம். ஆகவே சிறிய கைப்பம்பு ஒன்றும் ஐஸ் பெட்டி ஒன்றும் பிரயாணச் சாமான்களில் சேர்ந்தன. இவற்றை எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. குர்ஆன் பேசிய விஷயம் இது.

போனவர்கள் ஏழு பேர். தங்கைக்குத் துணையாக நான். என் மனைவிக்கும் நானே. ஒரு தோழி தன் கணவரோடு வந்தார், வேனும் அவருடையதே. மற்றத் தோழியின் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் அவருடைய வாப்பா வந்தார். எழுபது வயதைத் தாண்டிய அந்த மனிதர், வாலிபத்தில் நுவரெலியா மார்க்கெட்டில் மரக்கறி ஏற்றியவர். ஆண்கள் மூவரும் முன்பக்கம். பெண்கள் நால்வரும் பின்பக்கம்.

மலையேறும் பாதை

ஸுபுஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். வேனில் ஏறிய தங்கை இரண்டு தடவை இறங்கிப் போய், தூங்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது தடவை இறங்கப் போனபோது உம்மா வாசற்கதவைச் சாத்திவிட்டார்.

குருநாகலிலிருந்து கலகெதரை வழியாகக் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து மகாவலியைத் தாண்டினோம். கண்டி, பேராதனை. அதற்கப்பால் கம்பளை. பதினான்காம் நூற்றாண்டில் சிங்கள மன்னர்களின் தலைநகராக விளங்கிய ஊர் இது. அதே நூற்றாண்டில், 1344இல், மொரோக்கோ நாட்டு அறிஞர் இப்னு பதூதா பாவாதமலையைத் தரிசிக்க இலங்கைக்கு வந்தார். வீட்டை விட்டுப் புறப்பட்ட அவர் பல ஆண்டுகள் திரும்பவில்லை என்று சொன்னேன். "அவருக்குப் பால்குடிப் புள்ள இருந்திருக்காது" என்று பின்னாலிருந்து தங்கையின் குரல் கேட்டது. அன்றைக்கு அவள் பேசிய முதற் பகிடி அது.

வழியில் பாதையோரப் பள்ளிவாசல் ஒன்றில் நிறுத்தினோம். பெண்களுக்கென்று பக்கத்தில் ஓர் அறை. கதவுக்கு உட்பக்கத் தாழ்ப்பாள், கதிரை ஒன்று, தண்ணீர்க் குழாய், சுத்தமான மலசலகூடம். நால்வரும் உள்ளே சென்று அரை மணி நேரம் ஆறுதலாக இருந்து வந்தார்கள். நீண்ட பாதைகளில் உள்ள நமது பள்ளிவாசல்கள் எல்லாம் இப்படி ஓர் அறையை அமைத்தால், பிரயாணம் போகும் எத்தனை தாய்மாரின் துஆ அந்த ஜமாஅத்தாருக்குக் கிடைக்கும்! பெரிய செலவு ஒன்றுமில்லை. நிருவாக சபையினரின் வீட்டுப் பெண்கள் இதை அவர்களின் காதில் போட வேண்டும்.

புசல்லாவையைத் தாண்டியதும் காற்று மாறியது. கீழே கொத்மலை நீர்த்தேக்கம் விரிந்து கிடந்தது. மகாவலித் திட்டத்தில் 1985இல் முடிக்கப்பட்ட இந்த நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய கிராமங்கள் மூழ்கியிருக்கின்றன. றம்பொடையில் வேனை ஓரமாக நிறுத்தினோம். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி. பெண்கள் நால்வரும் பாலத்தின் பக்கம் நின்று பார்த்தார்கள். தோழிகள் இருவரும் எதையோ சொல்லிச் சிரிக்க, தங்கை முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று பயந்து போனேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைக் காம்பரா

லபுக்கலைப் பக்கம் பாதையின் இருமருங்கும் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். அதற்குச் சில ஆண்டுகளில் கோப்பிப் பயிர் நோயால் அழிய, மலையெல்லாம் தேயிலையாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பு அது. கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை இன்றும் பெண்களின் கைகள்.

தேத்தண்ணி குடிக்க நிறுத்திய இடத்தில், கொழுந்துக் கூடையோடு பாதையைக் கடந்த இளம் பெண் ஒருத்தியோடு நம் பெண்கள் பேச்சுக் கொடுத்தார்கள். ஒரு வயது நிரம்பாத பிள்ளை அவளுக்கு. பிள்ளை எங்கே என்று தங்கை கேட்டாள்.

"காம்பராவுல ஆயம்மாகிட்ட இருக்குங்க. இப்ப போய் பால் குடுத்துட்டுத்தான் வர்றேன்."

தோட்டங்களில் தாய்மார் மலைக்கு ஏறுமுன் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தொழிலாளத் தாய்க்கு 9 மணி நேர வேலையில் இரண்டு தடவை பாலூட்டும் இடைவேளை கொடுக்கச் சொல்கின்றன. பிள்ளை பராமரிக்கும் இடம் உண்டென்றால் தலா 30 நிமிடம்; இல்லையென்றால் ஒரு மணி நேரம்.

"எப்பவாவது நீங்க ரெண்டு நாள் ஓய்வா எங்கயாவது போனீங்களா?" என்று என் மனைவி கேட்டாளாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "எங்கங்க போறது?" என்று சொல்லிப் போய்விட்டாள்.

வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தங்கைதான் சொன்னாள்: "அந்தப் புள்ள தினமும் பச்சப்புள்ளய விட்டுட்டு மலைக்கு ஏறுது. அதப் பார்த்து யாரும் ஈரமில்லாத தாய் எண்டு சொல்றல்ல. நான் ரெண்டு நாள் தூங்கப் போறன் எண்டதும் எனக்கே என்னய ஏசத் தோணுது."

அவள் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். உழைப்புக்காகத் தாய் பிள்ளையைப் பிரிந்தால் உலகம் பொறுத்துக்கொள்கிறது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் தாய்மாரைக் கூட ஊர் வழியனுப்பி வைக்கிறது. ஓய்வுக்காகப் பிரிந்தால்தான் பேச்சு வருகிறது. ஓய்வும் உடம்புக்குள்ள ஹக்கு என்பதை நாம் மறந்து விட்டோம். உடம்புக்கும் நம்மீது உரிமை உண்டு என்று, ஓயாது வணக்கத்தில் ஈடுபட்ட தம் தோழருக்கே நபிகளார் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

நுவரெலியாவில் இரவு

கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா நகரம். அதற்கு மேலாக 2524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பிதுருதலாகலை, நமது நாட்டின் அதியுயர்ந்த மலை. குருநாகல் வெயிலிலிருந்து வந்த எங்களுக்கு முதலில் கைவிரல்கள் மரத்தன. எடுத்திருந்த வீட்டில் ளுஹரையும் அஸரையும் ஜம்உ, கஸ்ராகத் தொழுதோம். பெண்களுக்கு ஓர் அறை, ஆண்களுக்கு ஓர் அறை. கொண்டுவந்த சோத்துப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டதும் பெண்கள் தூங்கிப் போனார்கள். தங்கை மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினாள். எட்டு மாதத்தில் இதுவே முதல் தடவை என்றாள் மனைவி.

பின்னேரம் கிரகரி ஏரிக்குப் போனோம். 1873இல், சேர் வில்லியம் கிரகரி தேசாதிபதியாக இருந்த காலத்தில் அமைக்கப்பட்டது. கரையில் பெண்கள் நால்வரும் சால்வையைப் போர்த்திக்கொண்டு நடந்தார்கள். நாங்கள் ஆண்கள் பின்னால். பெரியவர் தாம் லீக்ஸும் கரட்டும் ஏற்றிய காலத்துக் கதைகளைச் சொல்லி வந்தார். சிவப்புச் செங்கல்லால் கட்டிய பழைய தபால் கந்தோரைப் பார்த்துவிட்டு, குளிருக்கு இஞ்சி போட்ட பிளேன்ரி குடித்துத் திரும்பினோம்.

இரவு பத்து மணிக்கு உம்மாவின் போன். பிள்ளை விழித்து ஒரு மணி நேரமாக அழுகிறான். கோப்பையைத் தட்டி விடுகிறான். பக்கத்து வீட்டு மருமகள் வந்திருக்கிறாள். அவளுக்கும் கைப்பிள்ளை உண்டு. "நான் பால் குடுக்கட்டா மாமி?" என்று கேட்கிறாள். குடுக்கலாமா மகன் என்று உம்மா என்னைக் கேட்டார்.

இது சின்னக் கேள்வி அல்ல. இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் ஐந்து தடவை தனித்தனியாகப் பால் குடித்தால் அவள் அந்தப் பிள்ளைக்குப் பால்தாய் ஆகிறாள். அவளுடைய பிள்ளைகள் அவனுக்கு உடன்பிறப்புகள். நாளை அவர்களுக்குள் நிக்காஹ் முடியாது. ஒரு தடவை கொடுப்பதால் எங்கள் மத்ஹபில் அந்த உறவு ஏற்படாது. கொடுப்பதில் குற்றமுமில்லை. நபிகளாரே ஹலீமா (ரலி) அவர்களிடம் பால் குடித்து வளர்ந்தவர்கள். ஆனால் தாயும் தகப்பனும் அறிந்து பொருந்த வேண்டும். எத்தனை தடவை என்பது எழுதி வைக்கப்பட வேண்டும். இதை உம்மாவிடம் சொல்லிவிட்டு, தங்கையைக் கூப்பிட்டேன்.

போனை வாங்கிய தங்கை பிள்ளையின் அழுகையைக் கேட்டாள். அவ்வளவுதான். சால்வை நனைந்து போனது. "நானா, இப்பவே போவோம்" என்று பையை எடுத்தாள். வெளியே பனிமூட்டம், பத்து யார் தூரம் தெரியவில்லை. வேன்கார நண்பர் சாவியோடு எழுந்து நின்றார். போவதா நிற்பதா என்பதை அவளே சொல்லட்டும் என்று காத்திருந்தோம்.

அப்போது போனில் உம்மாவின் குரல் உரத்துக் கேட்டது. "ஏழு புள்ள வளத்தவளுக்கா நீங்க பாடம் சொல்றீங்க? ரா நேரத்தில அந்த மலையால இறங்கி வந்தீங்க எண்டா நான் கதவு தொறக்க மாட்டன். புள்ளக்கி நான் இரிக்கிறன். நீங்க தூங்குங்க மகள்."

தங்கை பக்கத்து வீட்டு மருமகளுக்கு ஒருமுறை கொடுக்கச் சம்மதம் சொன்னாள். கட்டாருக்கும் போன் போட்டு மச்சானின் சம்மதத்தையும் கேட்டோம். இதற்கிடையில் பிள்ளை உம்மாவின் தோளில் தூங்கிவிட்டான். பால் கொடுக்கும் தேவையே வரவில்லை. ஆயினும் தங்கைக்கு நெடுநேரம் தூக்கமில்லை. தோழிகள் இருவரும் அவளுக்கு இருபுறமும் இருந்து, பள்ளிக்கூடக் கதைகள் பேசிப் பேசி விடியற்பக்கம்தான் படுத்தார்களாம்.

மூஸா (அலை) அவர்களை நைல் நதியில் விட்ட தாயின் நெஞ்சம் வெறுமையாகிப் போனதை ஸூறத்துல் கஸஸில் அல்லாஹ் சொல்கிறான். அந்தத் தவிப்பை அவன் குறையாகச் சொல்லவில்லை. அவளுடைய உள்ளத்தை உறுதிப்படுத்தினான். கண் குளிரும்படி பிள்ளையை அவளிடமே திருப்பிக் கொடுத்தான். தாய்க்குத் தவிப்பு இருக்கும். அந்த நேரத்தில் அவளைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

ஹக்கலைத் தோட்டம்

ஞாயிறு காலை ஸுபுஹுக்குப் பின் பெண்கள் மறுபடி தூங்கினார்கள். அன்று அவர்கள் அடுப்படிக்குள் கால் வைக்கக்கூடாது என்பது ஏற்கனவே போட்ட ஒப்பந்தம். பெரியவர் பாண் வாட்டினார். நண்பர் முட்டை பொரித்தார். தேத்தண்ணி என் பொறுப்பு. சீனிச் சம்பல் வீட்டிலிருந்து வந்தது. தங்கை ஆறிப்போகாத தேத்தண்ணியை முழுக்கோப்பையாக உட்கார்ந்து குடித்தாள். கைப்பிள்ளைக்காரிகளுக்கு இதன் அருமை விளங்கும்.

நகரிலிருந்து வெலிமடைப் பாதையில் ஏறக்குறைய 10 கிலோமீற்றர் போனால் ஹக்கலைத் தாவரவியற் பூங்கா. 1861இல் இது சிங்கோனா மரங்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. சிங்கோனாப் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்குரிய குயினைன் மருந்து எடுக்கப்பட்டது. காய்ச்சல் மருந்துக்காகத் தொடங்கிய தோட்டம் இன்று ரோசாப்பூக்களுக்குப் பேர்போனது. பின்னால் ஹக்கலை மலை சுவர் போல எழும்பி நிற்கிறது. முன்னால் பார்த்தால் ஊவா மலைகள் நீலநீலமாக அடுக்கடுக்காகத் தெரிகின்றன.

பெண்கள் பன்னங்கள் வளர்ந்த நிழற்பாதையில் நடந்தார்கள். நாங்கள் வாங்கொன்றில் இருந்தோம். எட்டு மாதத்துக்கு முந்திய தங்கையின் நடை திரும்பியிருப்பதைத் தூரத்திலிருந்தே கண்டேன். போனை எடுத்து உம்மாவிடம் இரண்டு தடவைதான் பேசினாள். மூன்றாவது தடவை உம்மாவே எடுத்து, "ஏன் இன்னும் கோல் வரல்ல?" என்று கேட்டார்!

அன்றிரவு வீடு சேர்ந்தோம். பிள்ளை தாயைப் பார்த்தான். உம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தங்கையின் முகம் வாடிவிட்டது. ஒரு நிமிடம் கழித்துத் தலையைத் திருப்பி, இரண்டு கைகளையும் நீட்டினான். பெரியம்மாவும் அங்கே இருந்தார். இரண்டு நாளும் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டியவர் அவர்தான் என்று உம்மா சொன்னார்.

வீட்டாரிடம் சில வார்த்தை

நுவரெலியாவுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். பிள்ளை பெற்ற தாய்மாரில் 100க்கு 13 பேர் வரையில் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை, பிள்ளை மீது பற்றின்மை, வாழ்வில் வெறுப்பு என்று காணப்பட்டால் அதை ஜின், கண்ணூறு என்று இழுத்தடிக்காமல் கிளினிக்கில் சொல்ல வேண்டும். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை பெறலாம். ஓதிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. வைத்தியத்தையும் அதுதான் ஏவுகிறது.

எல்லோருக்கும் மலைநாட்டுப் பிரயாணம் வசதிப்படாது. பக்கத்து ஊரில் உள்ள தோழியின் வீட்டில் ஒரு பகற்பொழுது போதும். அடுத்த அறையில் கதவைச் சாத்தி நாலு மணி நேரத் தூக்கம் என்றாலும் போதும். அதைக் கேட்க அவளுக்கு வாய் வராது. நாம்தான் முந்திக்கொண்டு பிள்ளையை வாங்க வேண்டும்.

மலைநாட்டுக்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு சொல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அந்தப் பகுதிகளில் மண்சரிவுகளையும் பெருஞ்சேதத்தையும் ஏற்படுத்தியது. பாதை நிலவரத்தை விசாரித்த பிறகே புறப்படுங்கள். அங்குள்ள மக்களுக்காகத் துஆவும் செய்யுங்கள்.

உம்மும்மாமார்களே, நீங்கள் பிள்ளையை ஏந்திக்கொண்டால்தான் உங்கள் மகள் நிம்மதியாகக் கண்மூட முடியும். கணவன்மார்களே, தொழுகையில் பிள்ளையின் அழுகுரல் கேட்டதும், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையையே சுருக்கிக்கொண்டவர்கள் நமது நபி (ஸல்) அவர்கள். அந்தத் தாய்க்காக உங்கள் நேரத்தில் கொஞ்சம் ஒதுக்குங்கள். ஒரு தாய் இரண்டு நாள் மனப்பயமின்றி வெளியே போய் வரலாம் என்றால், அந்த வீட்டில் அவளுக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட வீடுகளை அல்லாஹ் நம் ஊர்களில் பெருகச் செய்வானாக. ஆமீன்.